கூட்டாட்சி சைபர் குற்ற வழக்கு: ஒப்புக்கொள்வதா, வழக்காடுவதா, ஒத்துழைப்பதா?

அமெரிக்காவில் கணினித் துறையில் வேலை பார்க்கும் ஒருவர் மீது எஃப்.பி.ஐ. வழக்கு வந்துவிட்டால், அவரைவிட அதிகமாகப் பதறுவது ஊரில் இருக்கும் அண்ணனும் மாமனாரும்தான். அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறார் வக்கீல். போட்டால் ஒன்றரை வருஷம், போடாமல் தோற்றால் மூணு நாலு வருஷம் என்கிறார். எது நல்லது?" இதே கேள்வியோடு எழுதிய வாசகர்களுக்காகவே இந்தக் கட்டுரை. வழக்கின் ஆவணங்களைப் படித்த வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது மாற்றாகாது; அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷக் கணக்கை மட்டும் வைத்து ஒப்பிடுவது, அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவருக்குத் தவறான ஒப்பீடு. எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு, எத்தனை மாதம் சிறை என்பதைவிட, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் ஒப்புக்கொள்கிறார், ஒப்பந்தத்தில் எத்தனை டாலர் இழப்பு என்று எழுதப்படுகிறது என்ற இரண்டும் வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கக்கூடியவை.

## எவற்றை வைத்து ஒப்பிட வேண்டும்

முதலாவது, ஆதாரத்தின் வலு. சைபர் வழக்கில் சாட்சி சொல்வது பெரும்பாலும் பதிவுக் கோப்புகள். அந்த ஐ.பி. முகவரியில் அன்று இருந்தது குறிப்பிட்ட இந்த மனிதர்தானா, பலர் பகிர்ந்துகொண்ட நிர்வாகிக் கணக்கா, பதிவில் உள்ள நேரம் உலகப் பொது நேரமா உள்ளூர் நேரமா என்பதெல்லாம் இங்கே அடங்கும். ஏழெட்டு மணி நேர வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால், உறங்கிக்கொண்டிருந்தவர் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்ததாகத் தோன்றும். எதிர்த்தரப்பும் அதே தவற்றைச் செய்திருக்கலாம்.

இரண்டாவது, குற்றச்சாட்டுப் பிரிவு. சி.எஃப்.ஏ.ஏ. எனப்படும் 1986ஆம் ஆண்டின் கணினி மோசடி மற்றும் அத்துமீறல் சட்டம்தான் அமெரிக்கக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 1030ஆம் பிரிவு. அதற்குள்ளேயே ஓராண்டுக்கு மேற்படாத சிறு குற்றமும் உண்டு, பத்தாண்டு வரை போகும் குற்றமும் உண்டு. அதனுடன் இணையவழி மோசடிப் பிரிவைச் சேர்த்தால் உச்ச வரம்பு இருபது ஆண்டு. அடையாளத் திருட்டுக்கான 1028-ஏ பிரிவைச் சேர்த்தால், மற்றத் தண்டனை முடிந்தபின் தனியாக இரண்டு ஆண்டு. அரசுத் தரப்பு மனுப் போடாத வரை, நீதிபதியே விரும்பினாலும் அதைக் குறைக்க முடியாது.

மூன்றாவது, இழப்புத் தொகை. நான்காவது, குடியேற்ற நிலை. ஐந்தாவது, பணமும் காலமும். ஆறாவது, சிறைக்குப் பிந்தைய கட்டுப்பாடுகள்: ஈட்டுத்தொகை, கண்காணிப்புக் காலம், கணினியைத் தொடவே அனுமதி கேட்க வேண்டிய நிலை. கணினியை நம்பிப் பிழைப்பவருக்கு இந்தக் கடைசி விஷயம் சிறியதல்ல.

இவற்றில் இழப்புத் தொகையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

## இழப்புத் தொகை செய்யும் வேலை

கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டனை வழிகாட்டு விதிகள் என்ற ஒரு படிக்கணக்கு இருக்கிறது. 2005இல் உச்ச நீதிமன்றம் பூக்கர் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒவ்வொரு தண்டனையும் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது. கணினிச் சேத வழக்கில் தொடக்கப் படி 6. வேண்டுமென்றே சேதம் விளைவித்ததாக நிரூபணமானால் 4 படி கூடும். அதன்மேல் இழப்புத் தொகைக்கான படி. 2015இல் திருத்தப்பட்ட அட்டவணையின்படி, இழப்பு 95,000 டாலரைத் தாண்டினால் 8 படி, 2,50,000 டாலரைத் தாண்டினால் 12 படி.

இதற்கு முன் எந்தக் குற்றப் பதிவும் இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். இழப்பு 2,60,000 டாலர் என்று அரசுத் தரப்பு சொல்கிறது. 6, 4, 12 சேர்ந்து 22ஆம் படி; அதற்கான வரம்பு 41 முதல் 51 மாதம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் 3 படி குறைந்து 19. வரம்பு 30 முதல் 37 மாதம். "ஒப்புக்கொண்டால் ஒரு வருஷம் மிச்சம்" என்று வழக்கறிஞர் சொல்வது இதைத்தான்.

இப்போது அதே ஒப்புதலில், இழப்பு உண்மையில் 1,00,000 டாலர்தான் என்று வாதாடி நிறுவினால் என்ன ஆகும்? மேலும் 4 படி குறைந்து 15ஆம் படி. வரம்பு 18 முதல் 24 மாதம். அதாவது, குற்றத்தை ஒப்புக்கொள்வதால் கிடைக்கும் சலுகையைவிட, இழப்புக் கணக்கைச் சரிபார்ப்பதால் கிடைக்கும் சலுகை படிக் கணக்கில் பெரியது; மாதக் கணக்கில் ஏறக்குறைய அதே அளவு. வேறு கூட்டல் கழித்தல்களை இங்கே விட்டுவிட்டேன். அவை சேர்ந்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது.

அந்த 2,60,000 எப்படி வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் பாதிக்கப்பட்ட நிறுவனம் கொடுத்த ஒரு விரிதாள்தான் அடிப்படை. அதில் சர்வரை மீட்டெடுத்த பொறியாளர்களின் மணிநேரச் சம்பளம் இருக்கும்; அது நியாயம். அத்துடன், எப்படியும் வாங்கவிருந்த புதிய பாதுகாப்பு மென்பொருளின் விலையும், நிறுவனத்தின் வழக்கறிஞர் கட்டணமும், அந்த மாதம் முழுக்கச் சம்பளம் வாங்கிய குழுவின் மொத்தச் செலவும் சேர்ந்திருக்கலாம். பழுதை நீக்கச் செலவிட்டது இழப்பு. முன்பிருந்ததைவிட மேலான ஒன்றை அமைக்கச் செலவிட்டது இழப்பு அல்ல. இந்தக் கோட்டைப் பிரித்துக் காட்ட ஒரு கணக்காளரும் ஒரு டிஜிட்டல் தடயவியல் நிபுணரும் வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் செலவைச் செய்துவிடுங்கள் என்பேன்.

## குடியுரிமை இல்லாதவருக்கான கணக்கு

குடியேற்றச் சட்டத்தில் "கடுங்குற்றம்" என்ற ஒரு வகை உண்டு. மோசடியோ ஏமாற்றோ அடங்கிய குற்றத்தில் இழப்பு 10,000 டாலரைத் தாண்டினால், அது இந்த வகைக்குள் விழுந்துவிடும். சிறைத் தண்டனை ஒரு நாள்கூட இல்லாவிட்டாலும் விழும். விழுந்தபின் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் நாடு கடத்தலைத் தடுத்துக் கருணை காட்டும் வழிகள் பெரும்பாலும் அடைபடும். குடியுரிமைக் கதவு நிரந்தரமாக மூடும். 2009இல் நிஜாவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இந்த 10,000 டாலர் கணக்கைக் குடியேற்ற நீதிபதி பார்ப்பது சட்டப் பிரிவின் சொற்களில் மட்டுமல்ல. தண்டனையின்போது ஒப்புக்கொண்ட தொகை, ஈட்டுத்தொகை ஆணை போன்ற ஆவணங்களையும் பார்க்கலாம்.

ஆகவே ஒரே செயலுக்கு, "மோசடி நோக்கத்துடன் அணுகினேன்" என்று ஒப்புக்கொள்வதும், "அனுமதியின்றி அணுகியதில் சேதம் விளைந்தது" என்று ஒப்புக்கொள்வதும் குடியேற்ற நீதிமன்றத்தில் வேறு வேறு விளைவுகளைத் தரலாம். இரண்டாவதில் தப்பிவிடலாம் என்று உறுதி சொல்ல முடியாது. ஒழுக்கக்கேடான குற்றம் என்று, நாடு கடத்தலுக்கு இடம் தரும் வேறொரு வகையும் இருக்கிறது. ஆனால் வாதாட இடம் இருக்கும். முதலாவதில் அந்த இடமே இருக்காது.

2010இல் படில்லா வழக்கில், நாடு கடத்தப்படும் அபாயத்தைக் கட்சிக்காரரிடம் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் அரசியலமைப்புக் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் லீ வழக்கில், "நாடு கடத்த மாட்டார்கள்" என்று வழக்கறிஞர் தவறாகச் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டவருக்கு, அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற வழி திறந்தது. இந்தத் தீர்ப்புகள் பிறகு பரிகாரம் தேட உதவும். ஆனால் சிறையிலிருந்துகொண்டு பரிகாரம் தேடுவது எளிதல்ல. கையெழுத்துக்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்துமூலமாகக் கருத்து வாங்குவதுதான் சரியான முறை.

## நான்கு வழிகள், ஒரு பார்வையில்

| | குற்றப்பத்திரிகைக்கு முன் பேசுதல் | மனுக்களும் ஜூரி விசாரணையும் | ஒப்புதல் உடன்பாடு | அரசுடன் ஒத்துழைத்தல் |
|---|---|---|---|---|
| யாருக்குப் பொருந்தும் | விசாரணைக் கடிதம் வந்து, கைது நடக்காதவர் | சட்டக் கேள்வியோ அடையாளச் சந்தேகமோ உள்ளவர் | ஆதாரம் வலுவாக உள்ளவர் | மற்றவர்களைப் பற்றிப் பயனுள்ள தகவல் உள்ளவர் |
| சிறைக் காலம் | வழக்கே இல்லாமல் போகலாம் | விடுதலை, அல்லது ஒப்புதலைவிட நீண்ட தண்டனை | வரம்பு 3 படி வரை குறையும் | மிக அதிகமாகக் குறையலாம். உறுதி இல்லை |
| குடியேற்ற நிலை | மிகப் பாதுகாப்பானது | தோற்றால் குற்றச்சாட்டில் உள்ளபடியே பதியும் | பிரிவையும் தொகையையும் பேரம் பேசலாம் | ஒப்புக்கொண்ட பிரிவு அப்படியே நிற்கும் |
| செலவு | தொடக்கத்திலேயே நல்ல வழக்கறிஞர் | மிக அதிகம் | நடுத்தரம் | பணம் குறைவு, காலம் அதிகம் |
| மறைந்திருக்கும் விலை | பேசும்போது தவறான சொல் புதிய குற்றமாகலாம் | ஒன்றிரண்டு ஆண்டு வேலையின்றிக் காத்திருத்தல் | மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்தல் | சொன்னதெல்லாம் கசியும் அபாயம் |

## குற்றப்பத்திரிகைக்கு முன் பேசுதல்

குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி குற்றப்பத்திரிகை தருவதற்கு முன் வழக்கறிஞர் மூலம் அரசு வழக்கறிஞரை அணுகுவது, வாய்ப்புள்ளவர்களுக்குச் சந்தேகமின்றிச் சிறந்த வழி. பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கு இது இன்னும் பொருந்தும்: நல்லெண்ணத்துடன் செய்யப்படும் பாதுகாப்பு ஆய்வுக்கு சி.எஃப்.ஏ.ஏ. வழக்குப் போடக் கூடாது என்று 2022 மே மாதத்தில் அமெரிக்க நீதித் துறை தன் வழக்கறிஞர்களுக்குக் கொள்கை வகுத்தது. அது சட்டம் அல்ல, நீதிமன்றத்தில் உரிமையாகக் கோர முடியாது; ஆனால் வழக்குப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மேசையில் வைக்க அதைவிட நல்ல தாள் இல்லை.

இந்த வழியைக் கெடுப்பவை இரண்டு. காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டும் அதிகாரிகளிடம், மரியாதைக்காகவும் பயத்திலும், வழக்கறிஞர் இல்லாமல் பேசிவிடுவது ஒன்று. அவர்களிடம் முக்கியமான ஒரு விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் அதுவே ஐந்தாண்டு வரையிலான தனிக் குற்றம். "வழக்கறிஞருடன் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்பது மரியாதைக் குறைவல்ல. குற்றத்தை ஒப்புக்கொள்வதும் அல்ல. மற்றொன்று, பயத்தில் மடிக்கணினியை அழிப்பதும் வாட்ஸ்அப் உரையாடல்களை நீக்குவதும். விசாரணையைத் தடுக்கும் நோக்கில் பதிவுகளை அழிப்பதற்கு உச்ச வரம்பு இருபது ஆண்டு. அசல் குற்றத்தைவிட அது பெரிதாகிவிடும்.

ஊருக்குப் போய் உட்கார்ந்துவிடுவது ஐந்தாவது வழி என்று நினைப்பவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகர நிறுவனம் ஒன்றின் 1,200க்கும் மேற்பட்ட மைக்ரோசாஃப்ட் கணக்குகளை நீக்கிய இந்தியர் ஒருவர், தன்மீது பிடியாணை இருப்பது தெரியாமல் 2021 ஜனவரியில் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார், வந்தவுடன் கைதானார். இரண்டாண்டு சிறையும் 5,67,084 டாலர் ஈட்டுத்தொகையும் விதிக்கப்பட்டன. சட்டத்துக்கு அஞ்சி ஓடியவருக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது. இந்தியாவுடன் 1997இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையும் இருக்கிறது.

## மனுக்களும் ஜூரி விசாரணையும்

பியூ ஆய்வு மையம் தொகுத்த கணக்கின்படி, 2018 நிதியாண்டில் கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் சிக்கியவர்களில் 90 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். 8 விழுக்காட்டினரின் வழக்குகள் தள்ளுபடியாயின. 2 விழுக்காட்டினரே விசாரணைக்குப் போனார்கள். மொத்தத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட ஜூரியால் விடுதலை ஆகவில்லை. இந்த எண்களைக் காட்டி "போராடிப் பயனில்லை" என்று சொல்பவர்களுடன் நான் உடன்படவில்லை. சைபர் சட்டத்தில் இன்னும் தீராத கேள்விகள் நிறைய. அப்படி ஒரு கேள்வி உங்கள் வழக்கில் இருந்தால், சராசரி எண் உங்களுக்குப் பொருந்தாது.

வான் பியூரன் வழக்கு இதற்குச் சிறந்த சான்று. ஜார்ஜியா மாநிலக் காவல் அதிகாரி ஒருவர், தனக்கு அனுமதி இருந்த காவல்துறைத் தரவுத்தளத்தில் பணம் வாங்கிக்கொண்டு ஒரு வண்டி எண்ணைத் தேடினார். 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், அனுமதியுள்ள தகவலைத் தவறான நோக்கத்துக்குப் பயன்படுத்துவது சி.எஃப்.ஏ.ஏ.யின் கீழ் "அனுமதியை மீறிய அணுகல்" ஆகாது என்றது. வேலையில் இருந்தபோதே, தன் கடவுச்சொல்லாலேயே, தனக்குத் திறந்திருந்த கோப்புகளை நகலெடுத்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இந்தத் தீர்ப்பைத் தங்கள் வழக்கறிஞரிடம் உடனே கேட்க வேண்டும். வணிக இரகசியத் திருட்டு என்ற வேறு பிரிவு வரலாம் என்பதையும் மறக்கக் கூடாது. 2023இல் டூபின் வழக்கில் அடையாளத் திருட்டுப் பிரிவும் இதேபோல் குறுக்கப்பட்டது: மற்றவரின் அடையாளம் குற்றத்தின் மையத்தில் இருந்தால்தான் அந்தக் கட்டாய இரண்டாண்டு.

எங்கே வழக்குப் போட்டார்கள் என்பதும் ஒரு கேள்விதான். ஐபேட் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டியதற்காக ஆண்ட்ரூ ஆவர்ன்ஹைமருக்கு 2013இல் 41 மாதம் விதிக்கப்பட்டது. குற்றத்துக்கும் நியூஜெர்சிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லி 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கேப்பிட்டல் ஒன் வங்கியின் தரவுத் திருட்டு வழக்கில் பெய்ஜ் தாம்ப்சனை 2022இல் ஜூரி சில குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்றும் அடையாளத் திருட்டில் குற்றவாளி இல்லை என்றும் பிரித்துப் பார்த்தது. கணினி விஷயம் ஜூரிக்குப் புரியாது என்ற பொதுவான அச்சம் முழுவதும் சரியல்ல.

விலை என்ன? விசாரணை வரை போகும் வழக்குக்குத் தனியார் வழக்கறிஞரும் தடயவியல் நிபுணரும் சேர்ந்து ஆறு இலக்க டாலர் செலவாவது வழக்கம். எழுபது நாளில் விசாரணை தொடங்க வேண்டும் என்று விரைவு விசாரணைச் சட்டம் சொன்னாலும், சிக்கலான வழக்கு என்று நாள்களைக் கழித்துக்கொண்டே போவார்கள். அதுவரை பாஸ்போர்ட் நீதிமன்றத்திடம் இருக்கும்; இணையப் பயன்பாட்டுக்கே கட்டுப்பாடு இருக்கலாம். எச்-1பிக்காரர் வேலை இழந்தால் மாற்று வழி தேட அதிகபட்சம் அறுபது நாள். அதன்பின் வழக்குக்காகவே நாட்டில் இருக்க வேண்டிய, ஆனால் வேலை செய்ய முடியாத நிலை. மனச்சுமையையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆரன் ஸ்வார்ட்ஸ், எம்.ஐ.டி. வளாக வலைப்பின்னல் வழியாக ஆய்விதழ்க் கட்டுரைகளைப் பதிவிறக்கியதற்கான வழக்கு விசாரணைக்குக் காத்திருந்தபோது, 2013 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பத்தார் வழக்கறிஞரிடம் பேசுவதோடு நிறுத்தாமல், குற்றம் சாட்டப்பட்டவருடன் தினமும் பேசுங்கள். மனநல உதவியும் தேடுங்கள்.

ஜூரி வரை போகாத ஓர் இடைவழியும் உண்டு. மடிக்கணினியைக் கைப்பற்றப் பயன்படுத்திய சோதனை ஆணை செல்லாது என்று மனுப் போட்டு, அது தள்ளுபடியானால், அந்த ஒரு கேள்வியை மட்டும் மேல்முறையீட்டுக்கு வைத்துக்கொண்டு நிபந்தனையுடன் ஒப்புக்கொள்ளலாம். இதற்கு அரசுத் தரப்பும் நீதிபதியும் சம்மதிக்க வேண்டும். கேட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை.

## ஒப்புதல் உடன்பாடு

ஆதாரம் தெளிவாக இருக்கும்போது இதுவே நல்ல வழி. நியூயார்க்கின் ஆல்பனியில் ஒரு கல்லூரியின் 66 கணினிகளை மின்னழுத்தக் கருவியால் எரித்த இந்திய முன்னாள் மாணவர், அதைத் தன் கைப்பேசியிலேயே படம் பிடித்திருந்தார். 2019இல் ஒப்புக்கொண்டார், ஓராண்டுச் சிறை, 58,471 டாலர் ஈட்டுத்தொகை. இத்தகைய வழக்கில் ஜூரியிடம் சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் "ஒப்புக்கொள்வது" என்பது ஒரே பொருள் அல்ல. எதை ஒப்புக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிஸ்கோவிலிருந்து விலகிய ஐந்து மாதங்களுக்குப் பின் அதன் மேகக்கணினிக்குள் நுழைந்து 456 மெய்நிகர்க் கணினிகளை நீக்கிய பொறியாளர் ஒருவரின் வழக்கைப் பாருங்கள். சிஸ்கோவின் இணையக் கூட்டச் சேவையான வெபெக்ஸின் 16,000க்கும் மேற்பட்ட கணக்குகள் இரண்டு வாரம் வரை முடங்கின. நிறுவனத்துக்குச் சரிசெய்ய ஏறத்தாழ 14 லட்சம் டாலர், வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்தது 10 லட்சத்துக்கு மேல். அவர் 2020இல் ஒப்புக்கொண்டது "வேண்டுமென்றே சேதம்" என்ற பிரிவை அல்ல, "விளைவைப் பொருட்படுத்தாமல் விளைவித்த சேதம்" என்ற பிரிவை. முதலாவதுக்கு உச்ச வரம்பு பத்தாண்டு, இரண்டாவதுக்கு ஐந்தாண்டு. முன்பு சொன்ன 4 படிக் கூடுதலும் இரண்டாவதில் இல்லை. அவருக்குக் கிடைத்தது 24 மாதம்.

ஒப்பந்தக் கடிதம் வந்தால் அதில் மூன்று பத்திகளை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். முதலாவது, நடந்த உண்மைகளின் விவரிப்பு. அரசுத் தரப்பு எழுதி அனுப்பும் இந்தப் பத்தியில் "ஏமாற்றி", "மோசடியாக" போன்ற சொற்கள் தேவையின்றி வந்திருக்கும். நீங்கள் ஒப்புக்கொள்ளும் பிரிவுக்கு அவை அவசியமில்லை என்றால் நீக்கச் சொல்லுங்கள். பிறகு குடியேற்ற நீதிபதி படிக்கப்போவது இந்தப் பத்தியைத்தான். இரண்டாவது, இழப்புத் தொகை. இரு தரப்பும் சம்மதித்த எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா, தண்டனை நாளில் வாதாட விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, மேல்முறையீட்டு உரிமையைத் துறக்கும் பத்தி. எத்தனை மாதத்துக்கு மேல் போனால் அந்த உரிமை திரும்பும் என்று ஒரு எண்ணை எழுதி வாங்குவது பல மாவட்டங்களில் சாத்தியம்.

ஒப்புதல் நாளில் நீதிபதி, குடியுரிமை இல்லாதவர் நாடு கடத்தப்படலாம் என்பதைச் சொல்லி, புரிந்ததா என்று கேட்பார். 2013 முதல் விதியே அது. அந்த நேரத்தில் முதன்முறையாக அதைக் கேட்டு விழிப்பவரைவிடப் பரிதாபத்துக்குரியவர் இல்லை. "புரிந்தது" என்று சொன்னபின் அது பதிவில் நிலைத்துவிடும்.

ஈட்டுத்தொகையிலும் வாதாட இடமுண்டு. 2018இல் லாகோஸ் வழக்கில், பாதிக்கப்பட்ட நிறுவனம் தன் விருப்பப்படி நடத்திய தனியார் விசாரணையின் செலவைக் கட்டாய ஈட்டுத்தொகைச் சட்டத்தின் கீழ் வசூலிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. சிறையிலிருந்து வந்து இருபது ஆண்டு வரை துரத்தக்கூடிய கடன் என்பதால் இந்த வாதத்தை விட்டுவிடக் கூடாது.

நன்னடத்தையும் கணக்கில் வரும். வான்னாக்ரை என்ற, பணம் பறிக்கும் தீநிரலின் (மால்வேர்) பரவலைத் தடுத்த மார்கஸ் ஹட்சின்ஸ், பழைய தீநிரல் குற்றத்தை 2019இல் ஒப்புக்கொண்டபோது, மில்வாக்கி நீதிபதி அவருக்குக் கூடுதல் சிறை எதுவும் விதிக்கவில்லை. எல்லாருக்கும் அப்படி ஒரு சாதனை இராது. ஆனால் தொழிலில் செய்த நல்லதை ஆவணமாக்கித் தருவது எல்லாராலும் முடியும்.

## அரசுடன் ஒத்துழைத்தல்

தண்டனையை வேறெதுவும் இவ்வளவு குறைக்காது. லல்ஸ்செக் என்ற ஹேக்கர் குழுவின் ஹெக்டர் மான்சேகருக்கு வழிகாட்டு வரம்பு 259 முதல் 317 மாதம். 2011இல் கைதானதிலிருந்து எஃப்.பி.ஐ.யுடன் உழைத்ததால், 2014இல் அவர் ஏற்கெனவே கழித்த ஏழு மாதமே தண்டனை ஆயிற்று. அவர் தந்த தகவலால் சிக்கிய ஜெரமி ஹாம்மண்ட், ஒத்துழைக்காமல் ஒப்புக்கொண்டார். அதே நீதிபதி லொரெட்டா பிரெஸ்கா அவருக்குப் பத்தாண்டு விதித்தார். பிறர் சாதனங்களை இரகசியமாகக் கைப்பற்றித் தாக்குதலுக்குப் பயன்படுத்தும் மிராய் வலைப்பின்னலை உருவாக்கிய மூன்று இளைஞர்கள் 2018இல் அலாஸ்காவில் சிறையின்றி ஐந்தாண்டு நன்னடத்தைக் காவலும் 2,500 மணிநேரச் சமூகப் பணியும் பெற்றதற்கும் எஃப்.பி.ஐ.க்கு அவர்கள் செய்த உதவியே காரணம்.

தனியாகக் கோபத்தில் சர்வரை அழித்த ஒருவரிடம் கொடுக்க எந்தத் தகவலும் இல்லை; அவருக்கு இந்த வழியே கிடையாது. கொடுக்க இருப்பவரும் அறிய வேண்டியவை சில. முதல் சந்திப்புக்கு முன் தரப்படும் கடிதம், நீங்கள் சொல்வதை நேரடி ஆதாரமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று மட்டுமே உறுதி தரும். சொன்னதை வைத்து வேறு ஆதாரம் தேடுவதையும், பிறகு நீங்கள் மாற்றிச் சாட்சி சொன்னால் அதை எடுத்துக் காட்டுவதையும் பெரும்பாலும் தடுக்காது. அதாவது, அந்த அறைக்குள் போனபின் ஜூரி விசாரணை என்ற வழி ஏறக்குறைய அடைபடும். குறைப்பு மனுவைப் போடுவது அரசுத் தரப்பின் விருப்பம். கட்டாய இரண்டாண்டுக்குக் கீழே போகவும் அவர்கள் மனு வேண்டும். சிறை குறைந்தாலும் ஒப்புக்கொண்ட பிரிவு மாறாது என்பதால், நாடு கடத்தல் அபாயம் அப்படியே இருக்கும். சாட்சிகளுக்கான எஸ் விசா இருக்கிறது. ஆண்டுக்குச் சில நூறு மட்டுமே என்பதால் அதை நம்பித் திட்டமிடக் கூடாது. கூட்டாளிகள் ஊரில் இருந்தால், அங்குள்ள பெற்றோரின் பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும்.

## யார் வாதாடுவது

இலவச வழக்கறிஞர் என்றால் மட்டம் என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. கூட்டாட்சி நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அது பிழை. கூட்டாட்சிப் பொது வழக்கறிஞர் அலுவலகத்தார் தினமும் அதே நீதிபதிகள் முன், அதே அரசு வழக்கறிஞர்களுக்கு எதிராக, அதே வழிகாட்டு விதிகளை வைத்து வாதாடுபவர்கள். தடயவியல் நிபுணருக்கான செலவையும் அவர்கள் வழியாகப் பெற முடியும். மாநில நீதிமன்றத்தில் போக்குவரத்து வழக்கு பார்க்கும் தெரிந்தவர் ஒருவருக்குச் சேமிப்பையெல்லாம் கொடுப்பதைவிட இது பன்மடங்கு மேல். கூட்டாட்சி வழக்கறிஞராக இருந்து தனியார் தொழிலுக்கு வந்த, சைபர் வழக்கு நடத்திய அனுபவமுள்ளவர் கிடைத்து, கட்டணமும் தாங்கும் என்றால் அவரைத் தேர்ந்தெடுக்கலாம். குறிப்பாகக் குற்றப்பத்திரிகைக்கு முந்தைய கட்டத்தில், பொது வழக்கறிஞர் இன்னும் நியமிக்கப்படாத நேரத்தில். நிர்ணயக் கட்டணம் பேசினால், நிபுணர் செலவும் விசாரணை நாள்களும் அதில் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள்.

பொது வழக்கறிஞர் கோரும்போது சொத்து விவரம் சத்தியமாக எழுத வேண்டும். ஊரில் அப்பாவுடன் கூட்டாக இருக்கும் மனையும் வங்கி வைப்பும் அதில் வர வேண்டியவை. மறைத்தால் அது இன்னொரு வழக்கு.

## கெடு தேதிக்கு முன்

அரசுத் தரப்பின் ஒவ்வொரு முறையான முன்மொழிவையும் உங்களிடம் தெரிவிப்பது வழக்கறிஞரின் கடமை என்று 2012இல் ஃப்ரை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "இந்த வெள்ளிக்குள் கையெழுத்து" என்று வந்தால், குடியேற்ற வழக்கறிஞரின் கருத்துக்காக இரண்டு வாரம் நீட்டிப்புக் கேட்கச் சொல்லுங்கள். காரணத்துடன் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். அந்த இரண்டு வாரத்தில் அவரிடம் ஒப்பந்தத்தின் வரைவையும், குற்றப்பத்திரிகையையும், நிறுவனம் கொடுத்த இழப்பு விரிதாளையும் சேர்த்தே கொடுங்கள். விசா முத்திரை, நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டதைக் காட்டும் ஐ-94 பதிவு, முதன்முதலில் நாட்டுக்குள் வந்த தேதி ஆகியவையும் வேண்டும்: ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகை, நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்தாண்டுக்குள் செய்த குற்றமா என்பதைப் பொறுத்தது. இந்தத் தாள்கள் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவரிடம் அல்ல, வீட்டு அலமாரியில் இருக்கும். எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் மனைவியும் அண்ணனும்தான்.